வெளிச்சம் கூட்டச் சொன்னவர்

— துவைச்சுத் துவைச்சு வெளுத்த துண்டு மாதிரி இருக்காம்டா தம்பி, என் கேம்! நாற்பதாயிரம் பேர் நேரலையில பாத்துட்டிருக்கான், ஒருத்தன் விடாம இதையே எழுதுறான். வெளியீட்டு நாளும் அதுவுமா லீவு போட்டுட்டு உக்காந்திருக்க நீ!

— சொல்லுங்க சார். உங்க திரையில எப்படித் தெரியுது?

— என் திரையில அட்டகாசமா இருக்கு. இன்னிக்குன்னே வாங்கின புதுத் திரை. கடல் என்ன நீலம், புல்லு என்ன பச்சை! கண்ணுல ஒத்திக்கலாம்.

— உங்களுக்கு எப்பவுமே நல்லாத்தான் தெரியும் சார். பாக்கறவங்களுக்குத்தான் வெளுத்துப் போயிடும்.

— என்னது?

— இந்தக் கோளாறு அப்படின்னு சொன்னேன். நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குதா?

— மைக்கை அடைச்சுட்டேன். 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டுத்தான் உனக்குப் போன் அடிச்சேன். படம் மட்டும் போயிட்டிருக்கு. சீக்கிரம் சொல்லுடா, மானம் கப்பலேறுது. விருதுக் குழு ஆளுங்க அஞ்சு பேரும் வேற பாத்துட்டிருக்காங்க. சிறந்த ஓவியத்துக்கான விருது. நாளைக்கு முடிவு சொல்றாங்க.

— தெரியும் சார். வானம் மொத்தமும் உங்க கையால வரைஞ்சதுன்னு ஆரம்பத்துல பேசினீங்களே. வீட்ல டிவியில போட்டுப் பாத்தோம்.

— பாத்தோமா? பக்கத்துல யாரு?

— வீட்டு ஆளுங்கதான் சார். நீங்க கேமை மூடிடாதீங்க, அப்படியே ஓடட்டும். படத்தை அனுப்புற கம்ப்யூட்டர் பக்கம் திரும்புங்க.

— திரும்பிட்டேன்.

— கேம் எச்டிஆர்ல வருது, அதிக வெளிச்சம் காட்டுற வகைப் படம். அனுப்புற மென்பொருள் அதைச் சாதாரணப் படம்னு நினைச்சு அப்படியே தள்ளி விடுது. அதான் கறுப்பெல்லாம் சாம்பலாகி, சிவப்பெல்லாம் செத்துக் கிடக்குது.

— பாடம் எடுக்காத, வழியைச் சொல்லு.

— கேம் படம் வர்ற வரியில வலது கிளிக் பண்ணுங்க. அமைப்புகளுக்குள்ள போங்க. நிற வரம்புன்னு ஒண்ணு இருக்கா?

— இரு, இரு... இருக்கு. 'சாதாரணம்'னு போட்டிருக்கு.

— அதை எச்டிஆர்னு மாத்துங்க. அப்புறம் அதுக்குக் கீழ ஃபில்டர். புதுசா ஒண்ணு சேருங்க, டோன் மேப்பிங். எச்டிஆர் வெளிச்சத்தைச் சாதாரணத் திரைக்குத் தகுந்த மாதிரி அடக்கிக் கொடுக்கிறது அதுதான்.

— சேர்த்தாச்சு. என்னமோ சுத்துது... அட! அட அட! வந்துடுச்சுடா தம்பி! எழுதுறானுங்க பாரு, 'இப்பத்தான் கண்ணே தெரியுது'ங்கிறான் ஒருத்தன். நீ கைகாரன்டா. சொல்றேன்ல, உன்னை நான் சும்மாவா வெச்சிருக்கேன்?

— சரிங்க சார்.

— உங்க அக்காவுக்கு இந்த அடக்கம் இருந்திருந்தா இன்னிக்கு அவளும் இங்க இருந்திருப்பா. என் படத்தையே எடுத்துட்டு 'நான் வரைஞ்சது'ன்னு என் முன்னாடியே நின்னா பாரு! திருடியோட தம்பின்னு தெரிஞ்சும் உன்னை வேலையில வெச்சிருக்கேன். வேற ஒருத்தனுக்கு அந்த மனசு வருமா?

— வராது சார். அக்கா இப்ப பெயிண்ட் கடையில இருக்கா. சுவத்துக்கு அடிக்கிற கலரை அட்டை பாத்துக் கலக்கிக் கொடுக்கிறா. ஒரு கேம் கம்பெனியும் எடுக்கல. அவ போற இடத்துக்கெல்லாம் அவளுக்கு முன்னாடியே உங்க போன் போயிருந்துது.

— நாலு பேரை எச்சரிக்கிறது என் கடமைடா. சரி, அந்தப் பேச்சு இப்ப எதுக்கு. வேலை முடிஞ்சுதா?

— பாதி முடிஞ்சுது. அதே ஃபில்டர்ல உச்ச வெளிச்சம்னு ஒரு எண் இருக்கும்.

— முந்நூறுன்னு இருக்கு.

— ஆயிரம் போடுங்க.

— எதுக்கு? இப்பவே நல்லாத்தானே இருக்கு?

— முந்நூறுல விட்டீங்கன்னா பளிச்சுன்னு இருக்கிறதெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாப் போயிடும். ஆயிரம் வெச்சா வெள்ளைக்குள்ள இருக்கிறதும் தெரியும். விருதுக் குழு அதைத்தானே சார் பாக்கும்?

— அது சரி. வெளிச்சம்தான் தம்பி எல்லாமே. 'இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு'ன்னு நான் கத்தாத நாள் உண்டா அந்த ஆபீஸ்ல? போட்டுட்டேன், ஆயிரம்.

— இனி சரியா வந்திருக்கான்னு பாக்கணும். கேம்லயே ரொம்ப வெளிச்சமான இடத்துக்குப் போங்க.

— எது, கடைசிக் கட்டமா? கலங்கரை விளக்கம்?

— அதேதான். மேல ஏறினா நேர் எதிர்ல சூரியன் இருக்கும். அதையே பாத்துட்டு நில்லுங்க. நம்ம வேலையில எல்லாரும் அப்படித்தான் சார் சோதிப்பாங்க.

— குறுக்குவழி சாவி எனக்குத் தெரியும். இதோ குதிச்சுட்டேன்... படி... இன்னும் ரெண்டு சுத்து. ஆளுங்க எழுதுறதப் பாரேன், 'வானத்தைப் பாரு, வானத்தைப் பாரு'ன்னு. மூணு வருஷம் தம்பி. என் குழந்தை இது.

— மேல போய்ட்டீங்களா?

— வந்துட்டேன். இந்தா சூரியன். ஆகா, என்னமா... ஏய். அதுக்குள்ள என்னடா கோடு கோடா இருக்கு?

— கிட்டக் கொண்டு போங்க சார். பார்வையைப் பெருசாக்க ஒரு பொத்தான் இருக்குமே.

— எழுத்து மாதிரி இருக்கு. கையெழுத்து. 'இந்த வானம் வரைந்தது'... டேய்.

— படிங்க சார்.

— டேய், இது உங்க அக்கா பேரு!

— கீழ தேதியும் இருக்கும். அவ உங்க படத்தைத் திருடினான்னு நீங்க ஊரெல்லாம் சொன்ன நாளுக்கு ஒன்றரை வருஷம் முந்தின தேதி. அப்ப நீங்க வானத்துக்கு ஒரு கோடு கூடப் போடல.

— சூழ்ச்சி பண்ணிட்டீங்க! ரெண்டு பேரும் சேர்ந்து களவாணித்தனமா உள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்க!

— ஒளிக்கலையே சார். சூரியனை அவ இளம் மஞ்சளாத்தான் வரைஞ்சா. கையெழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சுது. 'சூரியனுக்குள்ள என் பேரைப் போட்டிருக்கேன், சரியா சார்'னு மெயில் அனுப்பிக் கேட்டா. நீங்க படத்தைத் திறந்து கூடப் பாக்காம பதில் போட்டீங்க. 'எல்லாம் சரி, சூரியனுக்கு வெளிச்சம் மட்டும் பத்தல.' அந்த மெயில் இன்னும் பத்திரமா இருக்கு.

— நான்... எனக்கு ஞாபகம் இல்ல.

— கூட்டினா. மறுநாளும் கேட்டீங்க, மறுபடி கூட்டினா. ஆபீஸ்ல இருந்தது பூரா பழைய சாதாரணத் திரை. எச்டிஆர் திரை ஒண்ணாவது வேணும்னு அவ கேட்டப்ப, 'கண்ணு இருந்தாப் போதும்'னு சிரிச்சீங்க. ஒரு அளவுக்கு மேல அந்தத் திரையில எல்லாமே வெள்ளைதான். சோதிச்சவங்களும் அதே திரையிலதான் சோதிச்சாங்க. அவ பேரை மூடினது உங்க வெளிச்சம் சார்.

— எண்ணைக் குறைக்கிறேன். முந்நூறுக்கே போறேன். இரு... போச்சு, மறைஞ்சுடுச்சு!

— நாற்பதாயிரம் பேர் முன்னாடி மறைச்சீங்க. இப்ப என்ன எழுதுறாங்கன்னு பாருங்க.

— 'யார் பேரு அது'ங்கிறான்... 'ஏன் மறைச்சீங்க'ங்கிறான்... விருதுக் குழு ஆளு ஒருத்தன் 'திரும்பக் காட்டுங்க'ங்கிறான். படம் புடிச்சு வேற போட்டுட்டானுங்க! நேரலையை நிறுத்திடறேன்.

— நிறுத்துங்க. இன்னிக்குக் கேம் வாங்கினவன் ஒவ்வொருத்தன் வீட்லயும் அந்தச் சூரியன் இருக்கு. நல்ல திரை இருந்தாப் போதும்.

— ஏழு மாசம்டா! ஏழு மாசம் என் உப்பைத் தின்னுட்டு...

— ஆமா சார், ஏழு மாசம். நீங்க கூப்பிட்டப்பல்லாம் ஓடி வந்தேன். நீங்க அவளைத் திருடின்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் 'சரிங்க சார்'னு சொன்னேன். 'அவன்கிட்டயே போய் நிக்கிறியே, வெக்கமா இல்ல'ன்னு கேட்டுட்டு அவ என்கூடப் பேசுறதையே விட்டுட்டா. என்னன்னு சொல்வேன்? வெளியீடு வரைக்கும் அந்த வானத்தை வேற யாரும் தொடாமப் பாத்துக்க ஒரு ஆள் உள்ள இருக்கணும்ல? இன்னிக்குக் கலர் வெளுக்கும், உங்களுக்கு என்னை விட்டா ஆள் இல்லன்னு தெரியும். அதுக்குத்தான் லீவு போட்டேன்.

— நீதான் கெடுத்தியா? அந்த நிற வரம்பை நீதான் மாத்தி வெச்சியா?

— இல்ல சார். நேத்து சாயங்காலமே 'எச்டிஆர் அமைப்பு இன்னும் பண்ணல, ஒரு மணி நேரம் கொடுங்க'ன்னு கேட்டேன். 'எனக்குத் தெரியாததா, போடா'ன்னு அனுப்பிட்டீங்க.

— தம்பி... இங்க பாரு தம்பி. அக்கா பேரை நாளைக்கே போடச் சொல்றேன். முதல் பேரா. பெரிய எழுத்துல. ஏதோ தவறு நடந்துபோச்சுன்னு நானே சொல்லிடறேன். நீ மட்டும் அவகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லு. அந்த மெயிலை வெளிய விட வேண்டாம்னு சொல்லு. நான் உன் அக்காவைப் பத்திப் பேசினது எதுவும் அவ காதுக்குப் போக வேணாம்.

— போன் ஆரம்பத்துல இருந்து ஸ்பீக்கர்லதான் சார் இருக்கு. 'இன்னிக்கு ஒரு நாள் வந்து டிவி முன்னாடி உக்காரு, பேசக்கூட வேணாம்'னு காலுல விழாத குறையாக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்.

— யாரை? டேய், யாரு கேட்டுட்டிருக்கா?

— நான்தான் சார், அந்தத் திருடி. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டட்டுமா?