தசை களைக்கும்வரை

நான் நண்டு சாப்பிடுவதில்லை ஐயா. பாவம் பார்த்து இல்லை. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும்.

ஆனால் என் வயதில் பாதியை நண்டுகளோடுதான் கழித்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் என் வேலை, நண்டின் காலைப் பிரித்துத் தசையை எடுத்து, அதில் நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளப்பது. தசைக்குள் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்கிற ஆள்தான் நொதி. நண்டு தவித்தால் தசை களைத்து, கணக்குத் தப்பாக வரும். அதனால் முதலில் பனிக்கட்டியில் வைத்துவிடுவேன். சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

வெப்பக்கடல் நண்டைவிடக் குளிர்கடல் நண்டின் தசையில் நொதிக்கு இரண்டு மடங்கு வேகம் என்று நான் சொன்னதற்குத்தான் பரிசு கொடுத்தார்கள். வருகிற போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து அம்மா அந்தக் கேடயத்தைக் காட்டுவாள்.

என் தங்கை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தது என் சிபாரிசில். முடிச்சு ஒன்றைக் கண்டால் அவிழ்க்காமல் தூங்கமாட்டாள். புது நண்டுகளை வரவழைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். இரண்டு கடல் நண்டுக்கும் ஒரே வேகம். நான் அளந்த வெப்பக்கடல் தசைகள் ஒரு மின்வெட்டில் உருகிக் கெட்டுப்போனவை என்பதும், அது தெரிந்தேதான் அளந்தேன் என்பதும் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

கோபப்படவில்லை. அன்று விடுமுறை, நாங்கள் இருவர் மட்டும்தான். என் தோளில் கை வைத்தாள்.

"நாமளே போய்ச் சொல்லிடலாம்க்கா. நானும் கூட வர்றேன்."

சரி என்றேன். பழைய தசையில் மிச்சம் இருந்தால் எடுத்து வா, அதையும் காட்டிவிடுவோம் என்றேன்.

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, தசைகளை உறைய வைத்திருக்கும் குளிர் அறைக்குள் போனாள். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து கிடந்ததால், ஒருவர் உள்ளே போனால் மற்றவர் கதவைப் பிடித்துக்கொள்வோம். அன்றும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விட்டுவிட்டேன். தள்ளவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிரித்துக்கொண்டேதான் தட்டினாள். "விளையாடாதக்கா." பிறகு இரண்டு கையாலும் தட்டினாள். நான் குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக் குப்பிகளைக் கழுவினேன். கழுவி முடித்தபோது தட்டுவது நின்றிருந்தது. அவ்வளவு தட்டியிருக்க வேண்டாம். வீணாகத் தசை களைக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா?

வீட்டுக்குப் போனதும், "சின்னவ எங்கடி?" என்று அம்மா கேட்டாள். தோழி வீட்டில் தங்கிவிட்டாள் என்றேன். பசித்தது, சாப்பிட்டேன்.

திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். ஆமாம், சாகட்டும் என்றுதான் விட்டேன். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் அடுத்த கட்டுரை, அதே பழைய எண்களோடு, அச்சுக்குப் போய்விட்டது. 'என் அன்புத் தங்கைக்கு' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். பாசமில்லாதவள் இதைச் செய்வாளா, நீங்களே சொல்லுங்கள்.