தறி நின்றால் கேட்கும்

“தறி நின்னா தெருவுக்கே கேக்கும் மச்சான்.”

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி போகிற பேருந்து. முன் இருக்கையில் காய்ச்சலோடு துண்டைப் போர்த்தியிருந்தவர் சொன்னார். போனை எடுப்பதும் மடியில் வைப்பதுமாக இருந்தார். பக்கத்தில் இருந்த மச்சினன் கழுத்தில் கம்பெனி அட்டை.

“எனக்கு ஒடம்பு முடியலன்னா ஒரு மெசேஜ், லீவு, சம்பளமும் வந்துடும். நீ யாருக்கு பாவா பயந்துகினு கீற?”

“சத்தம் இல்லன்னா, நூல் குடுக்கறவரு அடுத்த பாவு நூலை வேற வூட்டுக்குக் குடுத்துடுவாரு.”

வீட்டுக்கு போன் போட்டார். பேசவில்லை, கேட்டார். தடதடவென்ற சத்தம் எனக்கே கேட்டது.

“ஓடிகினு கீது.”

“யாரு ஓட்றது?”

“உங்கக்கா.”

“அவளுக்கும் காய்ச்சல்னியே?”

“ஆங்.”