சக்கரம் தெரிந்தால் போதும்

எனக்குக் காத்திருக்கவே பிடிக்காது. லிஃப்ட் வர அரை நிமிடம் ஆனால் படியேறிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம்தான், ஆம்புலன்ஸ் கூப்பிடும் வலைப்பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று அளக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

விசாரிக்க வந்த உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், ஐயா. எல்லாமே ஒரே பக்கத்தில் நடக்கும் செயலி அது. முதலில் எதுவும் இல்லாத வெறும் கூடு மாதிரி பக்கம் வரும். நடுவில் ஒரு சக்கரம் சுற்றும். அப்புறம்தான் ‘வண்டி அனுப்பு’ என்ற சிவப்புப் பட்டன் வந்து உட்காரும். அந்தப் பட்டன் வரும்வரை அளப்பதுதான் நியாயம். நானும் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன். புது போனில் இரண்டு நொடி, பழைய போனில் நாற்பது.

மூன்று நொடியைத் தாண்டினால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குக் கைமாறிவிடும் என்றார் மேலாளர். எனக்குக் கீழே ஒன்பது பேர், எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். செயலியைச் சரிசெய்ய நாலு மாதம் பிடிக்கும். கடிகாரம் நிற்கும் இடத்தை மாற்ற ஒரு வரி போதும். சக்கரம் தெரிந்ததுமே நிற்கும்படி மாற்றினேன். மறுநாள் அறிக்கையில் எல்லா போனுக்கும் ஒரு நொடி. மேலாளர் என் தோளைத் தட்டினார், கேக் வெட்டினோம்.

செயலியைச் சோதித்துப் பார்க்கும் பெண் மட்டும் விடவில்லை. பூதக்கண்ணாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம்.

“சார், சக்கரம் சுத்துறதைப் போய் திறந்துடுச்சுன்னு எப்படி சொல்றீங்க?”

“ஏதோ ஒண்ணு கண்ணுக்குத் தெரியுதில்ல? அது போதும்மா.”

அவள் எழுதிய புகாரை ‘தீர்ந்தது’ என்று போட்டு மூடினேன். அவளை வேறு பிரிவுக்கு அனுப்பினேன். கோபமெல்லாம் இல்லை, நல்ல பெண்தான்.

ஏழு வாரம் கழித்துத்தான் நீங்கள் விசாரிக்கும் அந்த அம்மாளுக்கு ஆம்புலன்ஸ் தேவைப்பட்டது. கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். அம்மாள் கையில் பழைய போன். மூன்று தடவை மூடித் திறந்திருக்கிறார், மூன்று தடவையும் சக்கரம்தான். கடைசியில் தெருவுக்கு ஓடி, போகிற வண்டியை மறித்து ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் அறிக்கையில் அந்த மூன்றும் ஒரு நொடி, மூன்றும் பச்சை.

வருத்தம்தான், ஐயா. ஆனால் இப்படி ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் அம்மாவிடமும் பழைய போன்தான். “அந்தப் பக்கத்தையெல்லாம் நம்பிட்டிருக்காதேம்மா, நேரா இந்த நம்பருக்கு அடி” என்று, வண்டி நிலையத்தின் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி அவள் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். நீங்கள் எடுத்து வந்திருக்கும் தாள் அதுதான். கையெழுத்து என்னுடையதே. எதை எழுதினாலும் ஓரத்தில் தேதி போடுவது என் பழக்கம். அதில் இருக்கும் தேதியில்தான் கேக் வெட்டினோம்.