மேல் டிவிசன் பஸ்

— தம்பி ஸப்ரி, மணி அடிச்சிப்புடாதீங்க. லக்ஷிகா புள்ள இன்னும் வரலை.

— அழகமுத்தண்ணே, டிரைவர் ஏசுற. நேரம் போச்சி. பஸ்ஸ எடுத்துக்கிட்டு போய்த்திடுவோம்.

— ஏசட்டும். இத விட்டா எங்க மேல் டிவிசனுக்கு வேற பஸ்ஸா இருக்கு? ஸ்கூல் விட்டு இந்நேரம் வந்துருக்கணும்.

— அண்ணே, எக்ஸ்ட்ரா கிளாஸ்னு ஏதாச்சும் சொன்னாளா?

— ஒண்ணும் சொல்லலையே மங்கை. காலையில ஜன்னலோரமா குந்திக்கிட்டு வெளியிலயே பாத்துக்கிட்டு வந்தா.

— மங்கையக்கா, கேக்கிறன்னு கோவிக்க வாணாம். நீங்க எல்லாரும் தெனமும் புளத்கொகுபிட்டியவுக்கு என்னத்துக்கு வார? ஒரு நாளைக்கு மருந்தெடுக்க, சரி. ஒரு நாளைக்கு சாமான் வாங்க, சரி. மத்த நாளெல்லாம் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு ஸ்டாண்டுலயே குந்தி ஈக்கிறீங்க.

— டவுன் பாக்க வாறோம். ஏன், கெழடு கட்டைங்க டவுன் பாக்கக் கூடாதா?

— எங்கிட்டயா கத உடுறீங்க அக்கா? ஆள் இல்லாட்டி பஸ்ஸ மேல ஏத்தாம சந்தியோட நிப்பாட்டுவோம்னு டிப்போல சொன்ன. மறுநாளே நீங்க எல்லாரும் சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு ஏறின.

— தெரிஞ்சிருக்குல்ல? பின்ன என்னா கேள்வி வேண்டிக்கிடக்கு!

— சரி, ஏசாத மங்கை. தம்பி, நீங்களே பாக்குறீங்க. தோட்டத்து லயத்துல பாதி வீட்டுக் காம்பராவுக்குப் பூட்டு. எளந்தாரிங்க கொழும்புக்கும் குவைத்துக்கும் போயிட்டானுங்க. இந்த ரோட்டுக்கு நாங்கதான் கல்லு சுமந்தோம். மொத பஸ்ஸுக்கு மாலை போட்டு, தேங்கா ஒடச்சு, பொங்கல் வச்சோம். கடைசியில அதே பஸ்ஸுல ஏறித்தான் ஒவ்வொருத்தனா பெட்டியோட போனான்.

— மிச்சம் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறது லக்ஷிகா ஒருத்திதான். அம்மாக்காரி குவைத்துல. அப்பன் இருக்கானா செத்தானான்னே தெரியலை. நாங்க ஏறலைன்னா பஸ் வராது. பஸ் வரலைன்னா அவளும் தேயிலைக் கொழுந்துக் கூடையத் தூக்க வேண்டியதுதான்.

— இன்னும் நாலு மாசம் தம்பி. பரீட்சை எழுதிட்டான்னா, பொறகு பஸ்ஸ நிப்பாட்டினா என்னா, வித்துத் தின்னா என்னா. ரோட்டுப் பக்கம் எட்டிப் பாருங்க, வெள்ளை யூனிபோம் தெரியுதா?

— பாத்து வேலையில்ல அண்ணே.

— ஏன்?

— அவ ஸ்கூலுக்குப் போகல்ல.

— என்னா பேசுறீங்க? எங்களோடதானே வந்து எறங்குனா!

— எறங்கின. நீங்க டீக்கடைக்குள்ள போகும் மட்டும் அவ மரத்துக்குப் பின்னால நின்ன. பொறகு யூனிபோமுக்கு மேலால ஒரு சுவெட்டரப் போட்டுக்கிட்டுக் கொழும்பு பஸ்ல ஏறிட்டா. புடவைக் கடையொண்டுல வேலை ஈக்காம்.

— நீ பாத்துக்கிட்டா நின்ன?

— கையப் புடிச்சி மறிச்சேன் அண்ணே. ஏலாமப் போச்சி.

— காலையிலேருந்து தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே நீ! மனுசனா நீ?

— உங்கட மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஏலாம ஈந்திச்சி அக்கா.

— நன்றி கெட்டவ. அம்புட்டுப் பேரும் சாகக் கெடந்தும் எந்திரிச்சு வந்தோமே, யாருக்காக? ஒரு வார்த்தை சொல்லலியே. எங்கள என்னான்னு நெனச்சா அவ?

— மங்கை, விடு.

— விட மாட்டேன். கேக்குறேன்ல தம்பி, அவ வாயத் தொறந்து ஒண்ணுமே சொல்லலியா?

— சொன்ன அக்கா. அழுதழுது சொன்ன. “போன கெழமை இவங்களோட வர்ற குருசாமி தாத்தா பஸ் படியில வழுக்கி விழுந்தாருல்ல, அன்னையிலேருந்து ஒரு எழுத்து மண்டையில ஏறலைண்ணே. நான் போயிட்டா அவங்க யாரும் பஸ்ஸுல ஏற வேண்டியதில்ல. காலையில படுத்துத் தூங்கச் சொல்லுங்க.”