பேச்சியம்மாவுக்கு வந்த கடிதம்

இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன், சேர். சிங்களம் எனக்கு நன்றாக வாசிக்கவும் எழுதவும் வரும். படித்தது கண்டியில், கூட்டாளிகளில் பாதிப் பேர் சிங்களவர்கள். ஆனாலும் நிதானமாகச் சொல்ல வேண்டியதை வீட்டில் பேசிய மொழியில் சொல்வதுதான் வசதி. மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். நல்லது.

என் பெயர் ஆகிப். பன்னிரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தேன். பிலிமத்தலாவையில் கடை, தெல்தெனிய முதல் கம்பளை வரைக்கும் ஓட்டம். மாப்பிள்ளையைக் காரிலிருந்து மூன்று தடவை இறங்கச் சொல்லி எடுப்பேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கடைசி சஹன் தட்டில்தான் எனக்குச் சோறு. இடையில் நான்கு திரைக்கதை எழுதினேன். கொழும்பில் ஒரு தயாரிப்பாளர் என் மூன்றாவது திரைக்கதையின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, அது நனைந்ததைக்கூடக் கவனிக்காமல் அரை மணி நேரம் பேசினார். என்னோடு தொழில் கற்றவர்கள் வெளிநாட்டு விழாக்களில் கழுத்தில் அட்டை தொங்கப் படம் எடுத்துப் போடுவார்கள். அவற்றுக்கெல்லாம் லைக் போட்டேன். வயிறு எரிந்துகொண்டே போட்டேன். வாப்பா ஆறுதலுக்கு, "கல்யாண வீடியோவும் படம்தானே மகன், அதுல என்ன கொற ஈக்கி?" என்பார். அவர் அன்பாகச் சொன்ன எதையும் நான் அந்த வார்த்தை அளவுக்கு வெறுத்ததில்லை.

பேச்சியம்மாவை எனக்குக் காட்டியவன் யோகராஜ். என் சவுண்ட்காரன், கம்பளைக்கு மேலே அவர் இருந்த தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவன். பேச்சியம்மா முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்தவர். கணவர் கறுப்பையாவுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மகள் சுதர்சினி கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை; மாதம் ஒரு தடவை வருவாள். அவர்கள் இருந்த லயம் ஒற்றை வரிசையில் ஆறு காம்பரா வீடு, நான்கில் ஆள் இல்லை. பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதற்குப் பின்னால் நேரே மண் சரிவு. பதினோரு வருடமாகப் புது வீட்டுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு பதில் வரும், தனிச் சிங்களத்தில். அவற்றையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த டின்னைத் திறந்து காட்டிய அன்றே, என் படம் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வெளிநாட்டுப் பயிற்சிப் பட்டறை என் ஆவணப்படத்தைத் தேர்ந்தெடுத்தது. மூவாயிரம் விண்ணப்பத்தில் எட்டு. ஆலோசகர் ஒரு பெண்மணி, இணையத்தில் வாரம் ஒரு மணி நேரம் பேசுவார். கெட்டிக்காரி. ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: இந்த அம்மாவுக்கு நடுவழியில் வீடு கிடைத்துவிட்டால் உங்கள் படம் என்னாகும்? நான் சிரித்தேன். அன்று இரவெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிடைத்துவிட்டால் என் படம் ஓர் அரசாங்க விளம்பரம்.

முன்பெல்லாம் பேச்சியம்மா கடிதங்களைக் கம்பளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மனு எழுதுகிறவரிடம் கொண்டுபோய் வாசித்துக்கொள்வார். அந்த அலைச்சல் வேண்டாம், நான் வரும்வரை எதையும் பிரிக்காமல் வைத்திருங்கள், கமராவுக்கு முன்னால் பிரிப்போம் என்றேன். "நீங்க வாசிச்சுச் சொன்னா எங்களுக்கும் லேசு தம்பி" என்று சந்தோஷப்பட்டார். சொன்ன சொல்லை அவர் ஒரு தடவையும் மீறவில்லை.

ஒக்டோபர் ஐந்தாம் திகதி போனபோது ஒரு கடிதம் வந்து நான்கு நாளாகிக் காத்திருந்தது. பிரித்து மனதுக்குள் வாசித்தேன். அவருக்கு ஒரு வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இருபத்து நான்காம் திகதிக்குள் அடையாள அட்டையோடு வந்து கையெழுத்திட்டுச் சாவியைப் பெற வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அதுவரை பலத்த மழை பெய்யும் நாட்களில் அந்த லயத்தில் தங்கக் கூடாது, சரிவு ஆபத்தானது.

யோகராஜ் பக்கத்தில்தான் மைக்கோடு நின்றான். சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. உள்ளே வெளிச்சம் போதாது, வாசல் பக்கம் வந்து உட்காருங்கள் என்றேன். கதிரையை நானே தூக்கிப் போட்டேன், லென்ஸை மாற்றினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏதோ ஒரு கண நேரத் தடுமாற்றம் என்று நீங்கள் எனக்காக எழுதிக்கொள்ளக் கூடாது. கதிரை போடவும் லென்ஸ் மாற்றவும் ஆறேழு நிமிடம் ஆகும். யோசிக்க அது தாராளம்.

கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். முகமும் காகிதமும் ஒரே சட்டகத்தில் விழுந்தன.

"என்னா போட்டிருக்கு தம்பி?"

"பழைய மாதிரித்தாங்கம்மா. இன்னும் பார்த்துக்கொண்டு இருக்காங்களாம். பொறுத்திருக்கச் சொல்லி இருக்காங்க."

"இதுலயும் அதே தானா?"

"அதே தான்."

அவர் அழவில்லை. கடிதத்தை மடியில் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் தடவினார். பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க, இன்னும் பொறுக்கணுமாம்" என்று கணவருக்குச் சொன்னார். சொல்லும்போது ஒரு சிரிப்பு. இருபத்தேழு வினாடி. எந்த நடிகையாலும் அதைத் தர முடியாது. நான் அவரை என் உம்மாவைப் போலத்தான் நினைத்திருந்தேன். அந்த இருபத்தேழு வினாடியில் என் கண் கலங்கியதை யோகராஜ் பார்த்தான், வேண்டுமானால் அவனைக் கேளுங்கள்.

ஜனவரியில் படப்பிடிப்பு முடிந்ததும் சொல்லிவிடுவதாக இருந்தேன். அப்போது அந்த வீடு வேறு ஆளிடம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருந்தன, ஒன்றையொன்று இடிக்கவில்லை.

சுதர்சினி கடிதத்தைப் பற்றிப் போனில் கேட்டிருக்கிறாள். "ஆகிப் தம்பி வாசிச்சுச் சொல்லிட்டாரு, நீ வேலையப் பாரு" என்றாராம் தாய். நவம்பர் தொடக்கத்தில் அந்த வீடு கீழ் லயத்துப் பிரேமிளாவுக்குப் போனது. அன்றும் கமரா ஓடிக்கொண்டிருந்தது. "பிரேமிளாவுக்கு வீடு விழுந்திருச்சு தம்பி. புள்ளைகள வச்சிருக்கா, நல்லா இருக்கட்டும். நமக்கு அடுத்த தடவ வருமா?" என்றார். வரும் என்றேன்.

மழை நவம்பர் கடைசியில் வந்தது. காலை ஒன்பதரைக்குச் சரிவு இறங்கி அந்த லயத்தை மூடியது. பேச்சியம்மா தனியாக ஓடியிருக்கலாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒற்றைக் கால் மனிதரை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை போலும். யோகராஜ் அழுதுகொண்டே அழைத்தான். நான் பாதை அடைபட்ட இடத்தில் மோட்டார் சைக்கிளை விட்டு, ஆறு கிலோமீட்டர் நடந்து போனேன். மழைக்கு உறை போட்டு கமராவையும் கொண்டுபோனேன். யோகராஜ் கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் தோண்டுவதால் அந்த மண் குறைந்திருக்காது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரேமிளா இருந்த கீழ் லயமும் அதே மண்ணில் பாதி போயிற்று. அவளும் மூன்று பிள்ளைகளும் புது வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். பேச்சியம்மா அந்தச் சாவியை வாங்கியிருந்தால் அங்கே நான்கு உயிர் போயிருக்கும். இதை யாரும் என் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

படம் ஏழு நாடுகளுக்குப் போனது. ஒன்றில் பரிசு. எங்கே போனாலும் அந்த இருபத்தேழு வினாடியைப் பற்றித்தான் கேட்பார்கள்: எப்படி அவ்வளவு உண்மையாக எடுத்தீர்கள்? நம்பிக்கை, என்பேன். ஒருவர் நம்மை முழுதாக நம்பினால்தான் அப்படி ஒரு முகம் கிடைக்கும். அது பொய் இல்லை. அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் தேடி வந்தார். இப்போது திரைக்கதையை என் கண் முன்னாலேயே வாசிக்கிறார்கள்.

கண்டித் திரையிடலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சுதர்சினியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினேன். கேள்வி நேரத்தில், உபதலைப்பை வாசித்துப் படம் பார்த்த ஒரு சிங்கள மாணவி எழுந்தாள். அந்தக் கடிதத்தில் வீடு கிடைத்துவிட்டது, வந்து சாவி வாங்குங்கள் என்றல்லவா எழுதியிருக்கிறது, நீங்கள் ஏன் வேறு மாதிரி வாசித்தீர்கள் என்று கேட்டாள். மரியாதையாகத்தான், சிங்களத்தில் கேட்டாள். புடவைக் கடையில் வேலை செய்கிறவளுக்கு அந்தச் சிங்களம் விளங்காதா. சுதர்சினி மைக்கைக்கூட எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ள சொல்றது நெசமாண்ணே?"

அலுவலகச் சிங்களத்தைக் கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதுவார்கள், தங்கச்சி, என்றேன். அவள் பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நேற்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: கடிதம் தெளிவாகத் தெரிகிறது, சிங்களம் தெரிந்த எவனும் வாசித்துவிடுவான், உனக்குப் பயமில்லையா? ஏழு மாதம் எடிட் செய்தேன். அந்த ஷாட்டை நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். எடிட்டர் ரிஸ்கான் தமிழில் படித்தவன், கடிதத்தை வாசிக்கத் தெரியாது. ஆனால் அடையாள அட்டை இலக்கம் தெரிகிறதே, காகிதத்தை மட்டும் மங்கலாக்கி விடுவோமா என்று தானாகவே கேட்டான். இரண்டு நிமிட வேலை. செய்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். வேண்டாம் என்றேன். மங்கலாக்கினால் பார்ப்பவர்களின் கண் முகத்தை விட்டு அங்கேதான் போகும், ஷாட் கெட்டுவிடும். இன்று அவன் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.