சைவ இறால்

குருசாமி: கழுத்துல மாலை, கையில தூண்டில். என்னங்க சாமி இது?

மனோகரன்: தூண்டில்னு சொல்லாதீங்க குருசாமி. வெறும் குச்சி.

குருசாமி: குச்சி நுனியில நூல் தொங்குது.

மனோகரன்: தொங்குமுங்க.

குருசாமி: நூல் நுனியில இறால் தொங்குது.

மனோகரன்: அது சைவமுங்க. என்ற ஊட்டுக்காரி சுமலதாவோட பழைய ஸ்வெட்டர்ல உருவுன நூலு. காலுங்க மட்டும் பல்லு வெளக்கற பிரஷ்ஷு.

குருசாமி: அச்சு அசலாப் பொடி இறாலாட்டமே...

மனோகரன்: இந்த ஊத்துத் தண்ணியில, பாசிக்குள்ள அதுதானுங்க கெடக்குது. டிரவுட் மீனுக்கு அதுதான் சோறு. அதான் அதே அளவுல கட்டினேன்.

குருசாமி: அப்ப மீன ஏமாத்தறீங்க. விரதத்துல பொய் சொல்லலாமுங்களா?

மனோகரன்: நான் வாயவே தொறக்கலீங்களே. ஸ்வெட்டருதான் சொல்லுது.

குருசாமி: புடிச்சு என்ன பண்ணுவீங்க?

மனோகரன்: பாத்துட்டு விட்டுருவனுங்க. போன வாரம் ஒண்ணு கிட்டக்க வந்துச்சு. மாலையப் பாத்துட்டு, தொறந்த வாய மூடிட்டுத் திரும்பிப் போயிருச்சுங்க.

குருசாமி: கும்பிடலையா?

மனோகரன்: கும்பிட்டாப்புலதான் தெரிஞ்சுது. ஒரு பக்கத்துத் துடுப்புதான் எனக்குக் கண்ணுல பட்டுது, சத்தியம் பண்ண மாட்டேன்.

குருசாமி: போதும். காலைல சபரிமலைக்கு வண்டி கெளம்புது. அதுல உங்களுக்கு எடமில்ல. மாலையக் கழட்டிக் குடுங்க.

மனோகரன்: சாமி... என்ற மக வனிதாவுக்கு ஒடம்பு தேறணும்னு நேந்துகிட்டுப் போட்ட மாலைங்க. கழட்டிட்டு ஊட்டுக்குப் போனா அந்தப் புள்ள மொகத்துல எப்படி முழிப்பேன்?

குருசாமி: அது தெரிஞ்சுமா இங்க வந்தீங்க?

மனோகரன்: பாறைக்கடியில ஒரு கெழட்டு டிரவுட் கெடக்குதுங்க. மூணு வருசமா எனக்குப் போக்குக் காட்டுது. நான் மலையேறி எறங்கறதுக்குள்ள எவனாச்சும்...

குருசாமி: எவன் புடிப்பான் அத? நீங்க நிக்கற எடமே தப்பு. நெழலு பாறை மேல விழுகுது பாருங்க. பின்னால வாங்க.

மனோகரன்: சாமிக்கு இதெல்லாம்...

குருசாமி: கேள்விப்பட்டது.

மனோகரன்: இருங்க சாமி... இழுக்குது.

குருசாமி: விட்டுருங்க. விரதம்... மெதுவா. மெதுவாங்கறேன். கம்பத் தூக்குங்க. அட, தூக்குங்கன்னா.

மனோகரன்: வந்துருச்சுங்க. அதேதான். கெழவன்... ஏனுங்க சாமி, இவன் வாயில ஏற்கனவே ஒரு தூண்டி முள்ளு குத்திக் கெடக்குதுங்க.

குருசாமி: இருக்கும். சீக்கிரம் விட்டுருங்க, பாவம்.

மனோகரன்: அந்த முள்ளுலயும் ஒரு பொய் இறாலுங்க. கருப்பு நூல்ல கட்டியிருக்குது.

குருசாமி: ஊருல கருப்பு நூலுக்கா பஞ்சம்?

மனோகரன்: புது நூலுங்க. சாயம் கூடப் போகல... சாமி, உங்க கருப்பு வேட்டி ஓரம் ஏனுங்க நூல் பிரிஞ்சு தொங்குது?

குருசாமி: அதப் பதனமாக் கழட்டி என்ற கையில குடுத்துட்டு, மீன விடுங்க சாமி. வண்டியில சன்னலோரம் உங்களுக்குத்தான்.