நோன்புப் பிள்ளை

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு டீச்சர், பக்கத்தில் அவவுக்குத் தெரிந்த ஒரு பெண். டீச்சர் பெருமையாகச் சொன்னா:

"உங்கட பக்கத்து ஊட்டுப் புள்ள என்ட வகுப்புத்தான், ராத்தா. ஆறாம் ஆண்டுதான் படிக்காள். இன்டவலுக்கு எல்லாரும் சாப்பிடக்குள்ள, நான் நோன்பு எண்டு சும்மா இருப்பாள்."

"எந்தெந்த நாளையில, டீச்சர்?"

"முந்திச் சுன்னத்து நோன்பு நாள் மட்டும், திங்களும் வியாழனும். இப்ப எல்லா நாளும்தான்."

மற்றவ குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"அவள்ட வாப்பா ஐஸ் போத பாவிக்கிறாரு. உம்மாவும் பழகிட்டா. அந்த ஊட்டுல அடுப்பு பத்துறதே இல்ல. நான் சோறு குடுத்தா, ஊட்டுக் கதய வெளிய சொன்னியா எண்டு புள்ளைக்குத்தான் அடி."

சாய்ந்தமருதில் டீச்சர் இறங்க வேண்டும். எழும்பவில்லை.

"அவள எழுப்பி நிப்பாட்டி, எல்லாரும் இந்தப் புள்ளயப் போல இருக்கணும் எண்டு சொன்னன், ராத்தா."